சந்தா கட்டினேன், பதிலைக் காணோம்

கடந்த ஆண்டு ஜனவரியில், துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தேன். பாரத்தை நிரப்பி, அடையாள அட்டை நகலையும் இரண்டு புகைப்படங்களையும் இணைத்து, 120 ரிங்கிட்டை வங்கி வழி செலுத்தி, பணம் செலுத்தியதற்கான சான்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். "கிடைத்தது" என்று ஒரு சொல்கூடப் பதில் வரவில்லை. பிப்ரவரியில் நினைவூட்டினேன். மார்ச்சில் தொலைபேசியில் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏப்ரலில் யாரோ ஒருவர் எடுத்து, "செயலாளர் வெளியூரில் இருக்கிறார், புலனத்தில் அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. அதோடு சரி.

ஜூலையில் ஒரு போட்டி வந்தது. பதிந்துகொள்ள உறுப்பினர் எண் கேட்டார்கள். என்னிடம் எண் இல்லை. ஆறு மாதம் பயிற்சி செய்த நான் அன்று சுடவில்லை. மற்றவர்களுக்குப் புள்ளிகளை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் பேருந்து ஏறினேன். உறுப்பினர் அட்டை செப்டம்பரில் கைக்கு வந்தது. என் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். அட்டையின் அடியில் "டிசம்பர் 31 வரை செல்லும்" என்று இருந்தது. பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டிய சந்தாவில் நான்கு மாதம்கூட மிஞ்சவில்லை.

அந்தச் சங்கத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. இந்த விளையாட்டில் இருக்கும் நண்பர்களிடம் பேசிப் பார்த்தால், ஊரும் சங்கமும் மாறுகின்றன, கதை மாறவில்லை. மனுவுக்குப் பதில் இல்லை, அறிவிப்பு உரிய நேரத்தில் வருவதில்லை, ஆண்டுக் கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்டால் "போன மாதமே முடிந்துவிட்டதே" என்கிறார்கள். மாணவர்களான நம்மை இது எப்படிப் பாதிக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்பதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

பூப்பந்து வேறு, துப்பாக்கி வேறு

பூப்பந்துச் சங்கம் பதில் போடாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கடையில் மட்டை வாங்கலாம். ஈப்போவில் எந்த மண்டபத்திலும் ஒரு மணி நேரத்துக்கு இடம் எடுத்து ஆடலாம். சங்கம் இல்லாமலேயே ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

துப்பாக்கி சுடுதல் அப்படியன்று. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, ஒலிம்பிக்கில் பயன்படும் காற்றுத் துப்பாக்கிகூட ஆயுதம்தான். ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் இரண்டும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. உரிமம் கொடுக்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவரிடம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறைத் தண்டனை. ஆகவே வீட்டுக்குப் பின்னால் ஓர் அட்டையை மாட்டி வைத்துப் பயிற்சி செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

போட்டிக்கு ஏற்ற ஏர் ரைபிள் ஒன்றின் விலை பல ஆயிரம் ரிங்கிட். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை அதை வாங்க முடியாது. சங்கத்தின் துப்பாக்கியை இரவல் வாங்கித்தான் பழக வேண்டும். சுடுதளம் சங்கத்தின் கையில், பயிற்றுநர் சங்கத்தின் ஆள், போட்டிக்குப் பெயர் கொடுப்பதும் சங்கம். நாட்டைப் பிரதிநிதிக்க வேண்டுமென்றால், அனைத்துலகச் சம்மேளனம் அங்கீகரித்த தேசியச் சங்கத்தின் வழியாகத்தான் போக முடியும். அத்தகைய சங்கம் நாட்டுக்கு ஒன்றுதான். சேவை பிடிக்கவில்லை என்று வேறு கடைக்குப் போக வழியில்லை.

இதைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புகிறேன். மாற்று வழி உள்ள இடத்தில் மெத்தனம் ஒரு தொல்லை. மாற்று வழியே இல்லாத இடத்தில் அதே மெத்தனம் ஒரு பிள்ளையின் விளையாட்டு வாழ்க்கையையே முடித்துவிடும். என்னோடு பயிற்சியைத் தொடங்கிய தோழி ஒருத்தி என்னைவிட நன்றாகச் சுடுவாள். நான்கு மாதம் காத்திருந்தாள். பிறகு, "எனக்கு அசைன்மெண்ட் நிறைய இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். அவள் விலகியது எந்தச் சங்கத்தின் பதிவேட்டிலும் இருக்காது. பதிவே ஆகாதவள் எப்படி விலகியதாகக் கணக்கு வரும்?

அரை மில்லிமீட்டர்

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி, அதாவது பத்துப் புள்ளி கிடைக்கும் இடம், அரை மில்லிமீட்டர் அகலம்தான். பேனா முனையால் வைத்த ஒரு பொட்டு அளவு. சுடும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். மூச்சு, இதயத் துடிப்பு, விரல் அழுத்தம், மனம் எல்லாம் ஒன்றாக அடங்க வேண்டும். உயரம், எடை, வேகம் எதுவும் இங்கே பெரிய விஷயமில்லை. பல்கலைக்கழகத்தில் சுக்சிஸ் போலீஸ் தொண்டர் படையில் சேர்ந்தபோதுதான் நான் முதன்முறையாகத் துப்பாக்கியைக் கையில் பிடித்தேன். ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வரும் எனக்கு, அசையாமல் நிற்பதும் ஒரு திறமை என்று அன்றுதான் தெரிந்தது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பத்தோடு 10 மீட்டர் ஏர் ரைபிள் சுட்டார். 34ஆவது இடம்தான் கிடைத்தது. ஆனால் உலகமே அவரைப் பற்றிப் பேசியது. ஜோனதன் வோங் 2020 தோக்கியோ, 2024 பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் ஏர் பிஸ்டல் போட்டியில் களமிறங்கினார். தமிழ் வேர் கொண்டவர்களும் உண்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காக அதே இரண்டு ஒலிம்பிக்கிலும் ஏர் ரைபிள் சுட்டார். இது நமக்கு எட்டாத விளையாட்டு அன்று.

கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது

ஆயுத விஷயத்தில் அரசாங்கம் கெடுபிடியாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. பேராக்கில் வளர்ந்தவர்கள் அதைக் குறை சொல்லவும் மாட்டார்கள். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் அதன் அருகில் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; 1960இல்தான் அது முடிந்தது. அந்தக் காலத்தில் அனுமதி இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை.

என் தாத்தா அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்போது அவருக்கு ஆறு வயது. லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டதும், பால்மரம் வெட்டப் போகும்போது சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து சோதித்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. நான் துப்பாக்கி சுடக் கற்கிறேன் என்று சொன்னபோது, "பொம்பளைப் புள்ளைக்கு ஏம்மா அது?" என்று அவர் கேட்கவில்லை. "லைசென்ஸ் இருக்கா?" என்றுதான் கேட்டார்.

ஆகவே போலீஸ் சோதனை, பாதுகாப்புப் பயிற்சி, ஆயுதக் கிடங்கின் பூட்டு, கையெழுத்துப் புத்தகம் எல்லாம் இருக்கட்டும். இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாமல் இருப்பது பாதுகாப்பு நடவடிக்கை ஆகாது. சொல்லப்போனால், சட்டம் கடுமையாக இருக்கும் இடத்தில்தான் உறுப்பினருக்கு வழிகாட்டுதல் அதிகம் தேவைப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டு: ஏர் ரைபிளின் காற்றுக் குழாய்க்குக் காலாவதித் தேதி உண்டு, பொதுவாகப் பத்து ஆண்டு. அதைச் சரிபார்ப்பது போட்டியாளரின் பொறுப்பு என்று அனைத்துலக விதி சொல்கிறது. இதை ஒரு புதிய உறுப்பினருக்கு யார் சொல்லித் தருவது?

இந்தியாவில் நடந்தது

சங்கத்தின் மெத்தனம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவைப் பாருங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் அபினவ் பிந்த்ரா வென்ற தங்கம்தான் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளியும் ககன் நாரங் வெண்கலமும் பெற்றார்கள். அந்த நம்பிக்கையில் 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு 12 பேர் போனார்கள். ஒரு பதக்கமும் இல்லை. பிந்த்ராவே நான்காவது இடத்தில் நின்றார்.

அதற்குப் பிறகு இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் செய்ததுதான் முக்கியம். பிந்த்ராவின் தலைமையில் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. குழுவின் அறிக்கை அதே ஆண்டு அக்டோபரில் வெளியானது. சங்கத்தின் நடைமுறை, பயிற்றுநர்கள், வீரர்களின் ஆயத்தம் என்று அது எதையும் விட்டுவைக்கவில்லை. நடப்பது நடக்கட்டும் என்ற மனப்போக்கு ஒழிய வேண்டும் என்று நேராகவே சொன்னது. தன்னைக் குறை சொல்லும் அறிக்கையை ஒரு சங்கம் தானே கேட்டு வாங்கியது சாதாரண விஷயமன்று.

அறிக்கை வந்தது, பதக்கம் கொட்டியது என்று நான் சொல்லப் போவதில்லை. அடுத்து வந்த தோக்கியோவில் 15 பேர் சுட்டும் பதக்கம் கிடைக்கவில்லை. அங்கே தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. அதைச் சரிசெய்து திரும்புவதற்குள் பொன்னான நிமிடங்கள் கரைந்தன. இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். பயிற்றுநரோடு ஏற்பட்ட பிணக்கும் அப்போது பத்திரிகைகளில் அடிபட்டது. பின்னர் அதே பயிற்றுநரோடு மீண்டும் சேர்ந்து, 2024 பாரிஸில் மனு இரண்டு வெண்கலம் வென்றார்; ஒன்று தனிநபர், மற்றொன்று சரப்ஜோத் சிங்கோடு கலப்புக் குழுவில். ஸ்வப்னில் குசாலே இன்னொரு வெண்கலம் வென்றார். ரியோவிலிருந்து பாரிஸ் வரை எட்டு ஆண்டுகள்.

இதில் நாம் கற்க வேண்டியது எளிமையானது. குறையை எழுத்தில் வைத்தால்தான் அதைத் திருத்துவதற்கு ஒரு தொடக்கம் கிடைக்கும். காப்பிக் கடையில் புலம்பும் குறைக்குத் தேதியும் இல்லை, கோப்பும் இல்லை, பதில் சொல்ல வேண்டிய ஆளும் இல்லை.

செயலாளரைப் பார்த்தேன்

அட்டையில் பெயரைத் திருத்த வேண்டியிருந்ததால், அக்டோபரில் அந்தச் சங்கத்தின் செயலாளரை நேரில் பார்க்கப் போனேன். ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அங்கே இருந்தவர் பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். சம்பளம் இல்லாத பதவி. சங்கத்தின் கோப்புகள் அவருடைய காரின் பின்பெட்டியில் இரண்டு பெட்டிகளில் இருந்தன. உறுப்பினர் பட்டியல், உரிமக் கடிதங்கள், சுடுதள வாடகை, போட்டி ஏற்பாடு எல்லாம் அவர் ஒருவர் தலையில். அவருடைய மனைவிக்கு உடல்நலம் இல்லாததால் மூன்று மாதம் எதையும் பார்க்க முடியவில்லையாம்.

என் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனால் மீதிப் பாதி சரியான இடத்துக்குப் போனது. அவர் கெட்டவர் அல்லர். ஒரே ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் மொத்தச் சங்கமும் படுத்துக்கொள்ளும்படி அமைத்திருப்பதுதான் கெட்டது. செயலவையில் இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே? "ஏன் இதை யாரும் கேட்கவில்லை?" என்றேன். "புலனத்தில் திட்டுவார்கள். எழுத்தில் யாரும் கேட்டதில்லை" என்றார் அவர்.

நாம் என்ன செய்யலாம்?

இந்த இடத்தில்தான் மாணவர்களான நாம் விழிக்க வேண்டும். துப்பாக்கி சுடுதல் மட்டுமல்ல, சிலம்பம், கபடி, ஹாக்கி, சதுரங்கம் என்று நீங்கள் எந்தச் சங்கத்தில் இருந்தாலும் இது பொருந்தும்.

முதலாவது, உங்கள் சங்கம் பதிவு பெற்றதா என்று பாருங்கள். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டுச் சங்கங்கள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, சங்கத்தின் சட்டவிதிகளை ஒரு பிரதி கேளுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்பு அறிவிப்பு தர வேண்டும், யாருக்கு ஓட்டு உண்டு, கணக்கை யார் தணிக்கை செய்வது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பலர் உறுப்பினராகிப் பத்து ஆண்டு கழித்தும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

மூன்றாவது, குறையை எழுத்தில் கொடுங்கள். தேதி போடுங்கள். என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று ஐந்தாறு வரியில் மரியாதையாக எழுதுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் இடையிலான தகராறை முதலில் சங்கத்தின் சொந்த விதிப்படி தீர்க்கச் சொல்கிறது. அங்கே தீராவிட்டால் மேலே கொண்டுபோகவும் வழி வைத்திருக்கிறது. அந்த வழியில் போக உங்கள் கையில் முதலில் தேவைப்படுவது அந்த நகல்தான்.

நான்காவது, ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். முடிந்தால் வேலையில் பங்கெடுங்கள். உறுப்பினர் பட்டியலைக் கணினியில் ஏற்றுவது, ரசீது அனுப்புவது, கூட்ட அறிவிப்பு தயாரிப்பது எல்லாம் நமக்கு ஒரு மாலைநேர வேலை. அந்தப் பெரியவருக்கு அது ஒரு மாத வேலை.

பிஸ்கட் டின்

தாத்தா வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. தோட்டம் போய்விட்டது, பாதி செம்பனையாகவும் பாதி தாமானாகவும் மாறிவிட்டது. டின் மட்டும் போகவில்லை. அதில் அவருடைய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்க உறுப்பினர் அட்டையும் சந்தா ரசீதுகளும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. 1954இல் அமைந்த அந்தத் தொழிற்சங்கத்தின் மீதும் தாத்தாவுக்குக் குறை நிறைய உண்டு. இன்றும் திட்டுவார். ஆனால் அந்தக் காலத்தில் அவர் கூட்டத்தில் எழுந்து நின்று திட்டியவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர், தன் சந்தாவுக்கு ரசீது வாங்காமல் வீடு திரும்பியதில்லை.

என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சந்தா கட்றவன் கடைக்கு வந்த ஆளு இல்லம்மா, பங்காளி. பங்காளி சும்மா கோவிச்சிக்கிட்டுப் போகக்கூடாது. உக்காந்து கணக்கு கேக்கணும்."

நவம்பரில் நாங்கள் பதினோரு உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். மூன்றே கோரிக்கைகள்: விண்ணப்பம் கிடைத்த ஏழு நாளில் ரசீது, முப்பது நாளில் உறுப்பினர் எண், கூட்ட அறிவிப்பு எல்லாருக்கும் மின்னஞ்சலில். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. முதல் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். மற்ற இரண்டையும் ஆண்டுக் கூட்டத்தில் பேசலாம் என்றார்கள்.

இந்த ஜனவரியில் மறுபடியும் 120 ரிங்கிட் கட்டினேன். ஆறாம் நாள் ரசீது வந்தது. இந்த முறை பெயரில் எழுத்து எதுவும் விடுபடவில்லை. அதை அச்செடுத்துத் தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் படித்தார், தொகையைப் படித்தார், மடித்து என் கையில் கொடுத்தார்.

"கூட்டம் எப்போ?" என்றார்.

அடுத்த மாதம். என் தோழியையும் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.